லேத்தில் டிகிரிக் கோடு: சேஞ்ச் கியர், வார்ம், மூன்று வருடப் பயன்பாடு

இரும்பு வளையத்தைச் சுற்றி 360 டிகிரிக் கோடு வெட்ட, பழைய வண்ணாரப்பேட்டைப் பட்டறையில் ஆறடி லேத்தில் மூன்று வருடமாக இருக்கும் அமைப்பு இது. டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்கும் கருவி) விலைக்குப் பயந்து செய்தது. ஸ்லைடு காலருக்கு, அதாவது லேத் ஸ்லைடில் கோடு போட்ட வளையத்துக்கு, இதற்கு மேல் தேவைப்படவில்லை.

ஸ்பிண்டிலின் பின்வாயில் விரியும் மேண்ட்ரல், அதில் மாடுல் 2, 60 பல் சேஞ்ச் கியர், கியரைக் கடிக்கும் சிங்கிள் ஸ்டார்ட் வார்ம் (ஒற்றைப் புரித் திருகுத் தண்டு). வார்ம் ஒரு சுற்று சுற்றினால் வேலையைப் பிடிக்கும் சக்கு 6 டிகிரி திரும்பும். வார்ம் சுற்றை எண்ணும் பிளேட்டில் 12 துளை போட்டால் துளைக்கு அரை டிகிரி, ஒரு டிகிரிக் கோட்டுக்கு இரண்டு துளை. வார்மை அதே லேத்தில் வெட்டலாம்: பிட்ச் 6.283 மி.மீ. வேண்டும், 6 மி.மீ. லீட் ஸ்குரூவுக்கு 44-42 பல் கியர் மாட்டினால் 6.286 கிடைக்கும். கியர் நேர்ப்பல் என்பதால், 30 மி.மீ. பிட்ச் விட்டமுள்ள வார்மை 3.8 டிகிரி சாய்த்துப் பிடிக்கணும். இல்லையென்றால் பல் ஓரத்தில் மட்டும் கடித்துச் சீக்கிரம் ப்ளே (தளர்ச்சி) விழும்.

பிளேட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். 40 மி.மீ. ஆரத்தில் துளை அரை மி.மீ. தள்ளிப்போனாலும் அந்தப் பிழை 60-ஆல் வகுபட்டு, வேலையில் ஒரு நிமிடக் கோணம்கூட (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) வராது. கியர் சென்டர் விலகினால் அந்தச் சலுகை கிடையாது: 0.05 மி.மீ. விலகலுக்கு 3 நிமிடம். வளையமே சக்கில் அவ்வளவு விலகியிருந்தால், 60 மி.மீ. விட்டத்தில் கிட்டத்தட்ட 6 நிமிடம். இரண்டையும் டயல் (முள் காட்டும் அளவுமானி) வைத்துப் பார்த்த பிறகே கோட்டில் கை வையுங்கள்.

360-வது கோடு முடிந்து முதல் கோட்டிலேயே பிட் விழுந்தால் எண்ணிக்கை சரி, அவ்வளவுதான். சென்டர் விலகிய கியரும் அப்படித்தான் வந்து சேரும். கோணத்தைச் சோதிக்க, சக்கில் எதிரெதிர் முகங்கள் இணையாகக் கிரைண்டிங் செய்த பாரைப் பிடித்து, ஒரு முகத்தை டயலில் பூஜ்யம் ஓட்டி, வார்மை 30 சுற்று திருப்பி எதிர்முகத்தை ஓட்டுங்கள். 100 மி.மீ. நீளத்தில் 0.1 வித்தியாசம் வந்தால் 3.4 நிமிடப் பிழை.

மெயின் ஸ்விட்ச் ஆஃப். 60 டிகிரி கூர் வைத்த ஹை ஸ்பீடு பிட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, சென்டர் உயரத்தில், கேரேஜைக் கையால் தள்ளணும். ஆழம் 0.15, மூன்று இழுப்பில். கேரேஜை நிறுத்தும் ஸ்டாப்பரில் 4 மி.மீ. துண்டு வைத்தால் 3 மி.மீ. கோடு, 2 மி.மீ. துண்டுக்கு 5, துண்டில்லாமல் 7. சக்கு மேல் தோல்பட்டை ஒன்றை இறுக்கிவிட்டால் ப்ளே ஆடாது. துளையைத் தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய் மறுபடி அதே திசையில் வரவும்.

பிசிறை 400 எமரியில் எடுத்ததும் கறுப்பு எனாமல் தேய்த்து, எண்ணெய் பூசிவிடுங்கள். காசிமேட்டுக் காற்றுக்கு வெறும் இரும்பில் போட்ட கோடு இரண்டே வாரத்தில் துருவேறிவிடும்.