இரண்டு ‘அவன்’கள்: உச்சக் காட்சிக்குத் தன்மையா, படர்க்கையா?

சென்ற ஆண்டு எழுதிய ஒரு காமக் கதையின் உச்சக் காட்சியை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று. முப்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், நெடுநாள் நண்பர்கள். கதை முழுக்க ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரே அறையில் தனித்திருக்கிறார்கள். படர்க்கையில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பன் காமத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “இதில் யார் யாருடைய கையைப் பிடிக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டான். அதே காட்சியை ‘நான்’ என்று மாற்றி எழுதினேன். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தோன்றியவை இவை.

தன்மையில் எழுதினால் நெருக்கம் வரும், படர்க்கையில் எழுதினால் இருவர் மனதுக்குள்ளும் போய் வரலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுவோம். என்னைத் தன்மைப் பக்கம் தள்ளியது வினைமுற்றின் வால்.

ஆணும் பெண்ணும் கூடும் காட்சியில் எழுவாயே வேண்டாம். ‘சிரித்தாள். விளக்கை அணைத்தான்.’ யார் என்ன செய்தார்கள் என்பதை விகுதி சொல்லிவிடும். இரு ஆண்களை வைத்து இதையே எழுதிப் பாருங்கள்: ‘சிரித்தான். விளக்கை அணைத்தான். அவன் தோளில் முகம் புதைத்தான்.’ சிரித்தவனே அணைத்தானா? யார் தோள்? வாசகர் நின்று கணக்குப் போட ஆரம்பித்தால் காட்சி அங்கேயே ஆறிப்போகும்.

சரி, பெயரைப் போடலாமே என்றால், நான்கு வரிக்குள் அது வருகைப் பதிவேடு வாசிப்பது போலாகிவிடுகிறது. ‘உயரமானவன்’, ‘மீசைக்காரன்’ என்று அடையாளம் சொன்னால் காணாமல் போனவரைப் பற்றிய அறிவிப்பு. அதைவிடப் பெரிய தொல்லை, இந்த ஒட்டு வேலை எல்லாமே வாக்கியத்தை நீட்டுகிறது. உச்சத்தை நெருங்க நெருங்க வாக்கியம் குறுக வேண்டும், மூச்சு வாங்குவது போல. தமிழில் வாக்கியத்தைக் குறுக்கும்போது முதலில் உதிர்வது எழுவாய். படர்க்கையிலோ, அதை உதிர்க்கவே கூடாத இடத்தில் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

தன்மைக்கு மாற்றியதும் அந்த முடிச்சு தானாக அவிழ்ந்தது. ‘சிரித்தேன். விளக்கை அணைத்தான்.’ ‘-ஏன்’, ‘-ஆன்’ என்ற இரண்டு விகுதிகளே போதும். என் தோள், அவன் தோள், குழப்பமில்லை. ஒரு சொல்லில்கூட வாக்கியம் நிற்கும்: ‘நடுங்கினேன்.’ இன்னொன்றும் அப்போது உறைத்தது. அகப்பாடல் மரபில் தலைவன் தலைவிக்குப் பெயர் சுட்டுவதில்லை. கவிஞர் தன் குரலில் பேசுவதும் இல்லை. தலைவி சொல்வாள், தோழி சொல்வாள், தலைவன் சொல்வான். பெயர் இல்லாமல், ஒரு வாயிலிருந்து வரும் கூற்றாகவே காமத்தைச் சொல்லிப் பழகிய மொழி இது. நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

படர்க்கையைக் கையாலாகாதது என்று சொல்லிவிட முடியாது. தமிழில் ‘இவன்’ இருக்கிறான். யாருடைய மனதோடு கதை போகிறதோ அவனை ‘இவன்’ என்றும் மற்றவனை ‘அவன்’ என்றும் கடைசிவரை பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ‘தன்’னும் உதவும்: ‘தன் சட்டையைக் கழற்றினான்’ என்றால் கழற்றியவனுடையது, ‘அவனுடைய சட்டையைக் கழற்றினான்’ என்றால் பெரும்பாலும் மற்றவனுடையது. ஆனால் வரிக்கு வரி செய்பவன் மாறும் இடத்தில் ‘தன்’னும் கூடவே கட்சி மாறிவிடுகிறது. முன்விளையாட்டு வரை இது தாங்கியது, அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. இருவரில் ஒருவர் வயதில் மூத்தவராக இருந்து ‘அவர்’ என்று எழுத முடிந்தால் படர்க்கை தாராளமாக நிற்கும். ‘-ஆர்’, ‘-ஆன்’ என்று விகுதி பிரிந்துவிடுகிறது. கூடவே ஒரு பரிசும் கிடைக்கும்: கதை முழுக்க ‘நீங்க’ என்றே பேசி வந்த இளையவன் அந்த அறையில் முதல்முறையாக ‘நீ’ என்று சொல்லும் கணம். உடல் வர்ணனை எதுவும் அதற்கு ஈடாகாது.

தன்மையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். என் முதல் திருத்தத்தில் கதைசொல்லி உச்சத்தின் நடுவிலும் தெளிவாக, அழகாகப் பேசிக்கொண்டே இருந்தான். கிரிக்கெட் வர்ணனை கேட்பது போல இருந்தது. கடைசியில் அந்தக் கணத்தை மூன்றே சொற்களில் நிறுத்தி, ஒரு வரி வெற்றிடம் விட்டு, வியர்வை காய்ந்து குளிரத் தொடங்கும் இடத்தில் மறுபடி பேசவிட்டேன். மற்றவன் மனம் தெரியாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது லாபமாகத்தான் இருந்தது. தெரியாததால் கதைசொல்லி கேட்டே ஆக வேண்டும். “நிறுத்தட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் இரண்டு வரிகள்தான் அந்தக் கதையிலேயே சூடான இடம். படர்க்கைப் பிரதியில் அந்தக் கேள்வியே இல்லை. இருவர் மனதும் எனக்குத் தெரிந்திருந்ததால் கேட்கவைக்கத் தோன்றவில்லை.

இதெல்லாம் சிறுகதை அளவுக்கு நான் பார்த்தது. தன்மையில் நான் எழுதி முடித்த உச்சக் காட்சிகள் மொத்தமே மூன்று. நாவலில், இருவர் பக்கமும் சமமாகச் சொல்லியாக வேண்டிய கதையில், ‘நான்’ எவ்வளவு தூரம் இழுக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அத்தியாயத்துக்கு ஒரு ‘நான்’ என்று மாற்றி மாற்றி எழுத ஒருமுறை முயன்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில் முனகினார்கள். அது இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.