எக்ஸ்2 என்று அச்சடித்த போலி கெப்பாசிட்டர்: வாங்கியவர்கள் உடனே பாருங்கள்

வீட்டு மின்கம்பி வழியாகவே சிக்னல் அனுப்பி விளக்கு, ஃபேனை இயக்கும் சின்ன மாட்யூல் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாட்யூல் சுவிட்ச் பாக்ஸுக்குள் அடங்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு இடமிருக்காது. அதனால் 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றுதான் 230 வோல்ட்டிலிருந்து தேவையான கரண்ட்டை மட்டும் உள்ளே விடுகிறது. 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னலைக் கம்பியில் ஏற்ற இன்னொரு கெப்பாசிட்டர். இரண்டும் இரவு பகலாக மெயின்ஸை, அதாவது வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தைத் தாங்குபவை. பழுதானாலும் தீப்பிடிக்காதபடி செய்யப்பட்டது என்பதால்தான் எக்ஸ்2 என்று கேட்டு வாங்குகிறோம்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், ஒரு கடையில் இந்த 0.47 கெப்பாசிட்டர் இருபது வாங்கினேன். மஞ்சள் டப்பா, 275 வோல்ட், முத்திரைகள் எல்லாம் இருந்தன. பில் கேட்டதற்கு, "அடுத்த தடவை சேர்த்துத் தர்றேன் சார்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மாட்டிய மூன்றாவது வாரம், ஹால் மாட்யூலில் விளக்கை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. எல்இடி பல்பு சிக்னலை விழுங்குகிறது என்று நினைத்தேன். மின்கம்பி சிக்னலில் அது வழக்கமான தொல்லைதான். இரண்டு நாள் ஃபில்டர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் கருகல் வாடை. கழற்றினால், கெப்பாசிட்டர் ஒரு பக்கம் உப்பி வெடித்திருந்தது, பாக்ஸின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. முன்னால் போட்டிருந்த 100 ஓம் ஃப்யூசிபிள் ரெசிஸ்டர் (கரண்ட் கூடினால் ஃப்யூஸ் மாதிரி அறுந்துவிடும்) அறுந்துபோனதால் தப்பித்தோம்.

மீதி கெப்பாசிட்டர்களை மீட்டரில் வைத்தேன்: 0.47 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியவை 0.21, 0.22, 0.21 காட்டின. சுமார் 34 மில்லியாம்ப் கரண்ட் வர வேண்டிய இடத்தில் பாதிகூட வராது, ரிலேவுக்கு அது போதாது. ரிலே ஏன் துடித்தது என்பது அப்போதுதான் புரிந்தது. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். பெரிய டப்பாவுக்குள் சுண்டுவிரல் நகமளவு சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டர், சுற்றிலும் எபாக்ஸி. தின்னர் நனைத்த பஞ்சால் தேய்த்ததும் முத்திரை அப்படியே அழிந்தது.

கடையில் காட்டினேன். "எல்லாரும் இதைத்தான் கொண்டுபோறாங்க, உங்க சர்க்யூட்லதான் கோளாறு" என்று கையைவிரித்துவிட்டார். புராஜெக்டுக்கு வரும் காலேஜ் பிள்ளைகளுக்கும் இதையேதானே கொடுக்கிறார்! அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பில் தராத இடத்தில் இந்த ஒரு பொருளை மட்டும் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் அளந்து பாருங்கள், எழுத்தைத் தேய்த்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டே போடுங்கள்.

திருச்சியில் அக்கா வீட்டிலும் இதே கெப்பாசிட்டர் போட்ட மாட்யூல் நான்கு மாட்டியிருக்கிறேன். அவற்றுக்குக் கரண்ட் போகும் எம்சிபிகளை (மெயின் போர்டிலுள்ள பாதுகாப்பு சுவிட்சுகளை) இறக்கி வைக்கச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை போய்க் கழற்ற வேண்டும்.