“நிறம் வந்துவிடும்” என்று சொல்லி வேறு மீனைக் கொடுத்துவிட்டார்கள்: குட்டி ரஸ்போரா வாங்குவோர் கவனத்துக்கு

அடுத்த முறை குட்டி மீன் வாங்கப் போவதற்கு முன்னால் தயவுசெய்து இதை ஒருமுறை படித்துவிடுங்கள். மிளகாய் போலச் சிவந்திருக்கும் குட்டி அலங்கார மீனான சில்லி ரஸ்போரா என்று பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்த தொட்டியிலிருந்து 15 மீன்கள் வாங்கினேன். நான்கு மாதம் ஆகிவிட்டது. மூன்று செத்துப்போயின. மீதமுள்ள 12 மீன்களில் ஒன்றுகூடச் சில்லி ரஸ்போரா இல்லை.

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவர்கள் செய்த விதம் எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது என்பதால் அதை விவரமாகச் சொல்கிறேன்.

கடையில் மற்றத் தொட்டிகளுக்கெல்லாம் வெள்ளை விளக்கு. இந்த ஒரு தொட்டிக்கு மட்டும் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட எல்இடி விளக்கு. அதன் கீழே மீன்கள் தணல் துண்டுகள் போல ஓடிக்கொண்டிருந்தன. பையில் பிடித்துக் கொடுத்த பிறகு வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், கண்ணாடி போல, கண் மட்டும் பெரிதாகத் தெரிகிற 15 உருவங்கள். திரும்பிப் போய்க் கேட்டேன். “குஞ்சு மீன் சார், இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறது. பயத்தில் வெளுத்திருக்கிறது. இரண்டு வாரம் விடுங்கள், மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துவிடும்” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதைப் பொதுவாக எடுத்துக்கொண்டால் அது முழு உண்மை. நான் ஏமாந்தது அதனால்தான். சில்லி ரஸ்போரா முழுதாக வளர்ந்தாலே சுமார் 2 செ.மீ. தான். குஞ்சாக இருக்கும்போது வெளிறித்தான் இருக்கும். பையில் அடைபட்டு வந்த மீன், வெள்ளை மணலில் விட்ட மீன், துரத்தப்பட்ட மீன் எல்லாமே வெளுக்கும். மீனின் தோலில் இருக்கும் நிறச் செல்களுக்குள் கருப்புத் துகள்கள் சுருங்கவும் விரியவும் செய்வதால் இது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். ஆகவே வெளிறிய மீனைக் காட்டி “நிறம் வரும்” என்று யார் சொன்னாலும் நம்மால் மறுக்க முடிவதில்லை. இந்த மறைவில் எந்த மீனையும் எந்தப் பெயரிலும் விற்றுவிடலாம்.

இரண்டு வாரம் ஆறு வாரமாயிற்று. சிவப்பு வரவில்லை. மறுபடியும் கடைக்குப் போனபோது அவர் ஒரு சிறிய பாட்டிலை எடுத்து நீட்டினார். நிறத்தைக் கூட்டும் மருந்தாம். தண்ணீரில் விட வேண்டுமாம். பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தார்கள், எப்போது காலாவதியாகும் என்று எதுவும் அச்சிடப்படவில்லை. அதைப் பார்த்த பிறகும் வாங்கி வந்தேன். அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

40 லிட்டர் தொட்டியில் அவர் சொன்னபடி ஐந்து சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஆரஞ்சுப் புகை போலப் பரவி, தொட்டி முழுவதும் தேநீர் நிறமானது. இரவு பத்து மணிக்கு மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மூடிகள் எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டன. பாதித் தண்ணீரை மாற்றினேன். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதித்தேன், இரண்டும் பூஜ்யம். விடிவதற்குள் மூன்று மீன்கள் அடியில் கிடந்தன. ஒன்றை வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்துப் பார்த்தேன். விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத உடம்பு. அதில் சிவப்பின் சுவடே இல்லை.

கடைக்காரரிடம் சொன்னபோது “உங்கள் தண்ணீர் சரியில்லை” என்ற ஒரே பதில்தான் வந்தது. சோதித்த எண்களைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, எல்லாம் பளபளவென்று மின்னும் குட்டி கௌராமிகள் இருந்த இன்னொரு தொட்டியைக் காட்டி, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் மாற்றித் தருகிறேன் என்றார். உற்றுப் பார்த்தேன். ஒரு பெண் மீன்கூட இல்லை. அத்தனையும் ஒரே மாதிரி முழு ஆண் நிறத்தில். அந்தத் தொட்டியைப் பற்றி என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் தீனியில் ஆண் ஹார்மோன் கலந்து கொடுத்து இப்படி நிறமேற்றுவது இந்தத் தொழிலில் உண்டு. ஹார்மோன் நின்றதும் நிறம் இறங்கிவிடும், மீன் மலடாகிவிடவும் கூடும். ஒளி ஊடுருவும் உடம்புள்ள ‘கண்ணாடி மீன்’ என்ற வகையின் உடம்பில் ஊசியால் சாயம் ஏற்றி விற்ற கொடுமையும் நடந்திருக்கிறது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

சொட்டு மருந்து ஏன் வேலை செய்யாது என்பதை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மீன்களின் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் காரணம் கரோட்டினாய்டுகள். அவற்றை மீன் தானாக உற்பத்தி செய்யாது, தின்றுதான் பெற வேண்டும். பாசியில் உருவாகி, அதைத் தின்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளுக்குப் போய், அவற்றைத் தின்னும் மீனின் தோலுக்கு வந்து சேர்கிறது. தண்ணீரில் சாயத்தைக் கரைத்தால் தண்ணீர்தான் சிவக்கும். நியான் டெட்ரா என்ற இன்னொரு குட்டித் தொட்டி மீனின் நீலக் கோடு வேறு விதம். அது சாயமே அல்ல. தோல் செல்களில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தெரியும் நீலம். நீலத்தைக் கூட்டும் தீனி என்று யாராவது விற்றால் கிட்டப் போகாதீர்கள்.

என்னிடம் மிஞ்சிய 12 மீன்களும் உண்மையில் என்ன என்று கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின. ஒவ்வொன்றாகச் சிறிய தட்டையான கண்ணாடிப் பெட்டியில் விட்டு, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, பக்கவாட்டில் படமெடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்ததும் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சிவப்பு வரும், போகும். கருப்புக் குறிகளும் பயத்தில் மங்கலாம், ஆனால் இடம் மாறாது. அதனால் சிவப்பைத் தேடுவதை விட்டுவிட்டு, கருப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில்லி ரஸ்போரா, அதாவது போராராஸ் பிரிஜிட்டே, போர்னியோவின் தென்பகுதியில், இலைச்சாறு இறங்கிப் பழுப்பான கருநீர் ஓடைகளைச் சேர்ந்தது. அதன் உடம்பில் முன்னிருந்து பின்னாக நீண்டு ஓடும் கருங்கோடு இருக்கும், அதை ஒட்டி மேலே சிவப்பு. என்னுடைய ஏழு மீன்களுக்குக் கோடே இல்லை. விலாவில் ஒரு பெரிய பொட்டு, அடியில் பின் துடுப்பு தொடங்கும் இடத்தில் ஒன்று, வால் தொடங்கும் இடத்தில் ஒன்று என்று மூன்று கரும்பொட்டுகள். இது போராராஸ் மாக்குலாட்டஸ். இதே போராராஸ் பேரினத்தில் மேரா என்று இன்னொன்று உண்டு. அதற்கு விலாவில் நீள்வட்டக் கறையும் அதைச் சுற்றிச் சிவப்பும் இருக்கும். யூரோஃப்தல்மாய்டெஸ் என்பதற்குக் கோடு வாலை நோக்கி மெலிந்துகொண்டே போகும், வாலடியில் தனியாக ஒரு பொட்டு. இந்த நான்கையும் கடைகளில் கலந்தும் மாற்றியும் விற்பது சாதாரணமாக நடக்கிறது.

என்னிடம் இருந்த மீதி ஐந்தும் போராராஸ் பேரினத்தைச் சேர்ந்தவையே இல்லை. போராராஸ் என்ற பெயரை 1993இல் வைத்தவர்கள் ரஸ்போரா என்ற சொல்லின் எழுத்துகளையே இடம் மாற்றிப் போட்டுத்தான் வைத்தார்கள். போராராஸ் மீன்களில் வயிற்றுப் பகுதி முள்ளெலும்புகளுக்கும் வால் பகுதி முள்ளெலும்புகளுக்கும் உள்ள விகிதம் ரஸ்போராவுக்குத் தலைகீழாக இருப்பதுதான் காரணம். அந்த ஐந்தும் அசல் ரஸ்போரா. வெள்ளி உடம்பு, பிளந்த வால், வாலின் இரண்டு மடல்களிலும் ஒவ்வொரு கருப்புத் தீற்றல். நின்ற இடத்தில் நிற்கும்போது வாலை விரித்து மூடி, விரித்து மூடி, கத்தரிக்கோல் போல அசைத்தன. சிசர்டெயில் ரஸ்போரா! 2 செ.மீ. மீன் என்று சொல்லி விற்றது 10 செ.மீ. வளரக்கூடிய மீனின் குஞ்சு. என்ன போட்டாலும் அது சிவக்காது. அதற்குள் அவை மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நீளமாகி, தீனியை முழுவதும் தாங்களே பிடுங்கிக்கொண்டிருந்தன. அந்த ஏழு குட்டிகள் ஏன் வெளிறிப்போய் மூலையில் பதுங்கியிருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது.

நீளமான பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஐந்தையும் அன்போடு ஏற்றுக்கொண்டார். ஏழு மாக்குலாட்டஸ்களுக்காக எல்லாவற்றையும் மாற்றினேன். வெள்ளை மணலை எடுத்துவிட்டுக் கருமணல் போட்டேன். காய்ந்த நாட்டு வாதுமை இலைகளை அடியில் பரப்பினேன். அதன் சாறு இறங்கித் தண்ணீர் மெல்லப் பழுப்பாகும், இந்த மீன்கள் பிறந்த நீர் அப்படிப்பட்டதுதான். மேலே மிதக்கும் செடிகள் விட்டு வெளிச்சத்தைக் குறைத்தேன். வேகமாக இழுக்கும் ஃபில்டருக்குப் பதில் ஸ்பாஞ்ச் ஃபில்டர். முக்கியமானது தீனி. இவற்றின் வாய் அவ்வளவு சிறியது, கடையில் கிடைக்கும் குருணைத் தீனியை வாயில் வாங்கித் துப்பிவிடும். நாமோ தின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா குஞ்சுகளையும் சைக்ளாப்ஸையும் (இரண்டும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் நுண்ணிய நீர்வாழ் உயிர்கள்) தினமும் இரண்டு வேளை கொஞ்சமாகக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இலைக்கு மேலே இரண்டு ஆண் மீன்கள் எதிரெதிராக நின்று துடுப்புகளை விரித்துக்கொண்டு வட்டமடித்தன. விலாப் பொட்டைச் சுற்றிக் குங்குமம் தடவியது போல் சிவப்பு, துடுப்பின் முன்விளிம்பில் கருப்பும் சிவப்பும். நான் கேட்ட மீன் இது இல்லை. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பட்டினியிலும் பயத்திலும் இருந்த உயிர்கள் இவை.

வாங்கப் போகும்போது ஒரு வெள்ளை டார்ச் எடுத்துச் செல்லுங்கள். தொட்டி விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அந்த வெளிச்சத்தில் பாருங்கள். அணைக்க மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். வணிகப் பெயரை நம்பாதீர்கள்; கேலக்ஸி ரஸ்போரா என்று பரவிய மீன், 2006இல் மியான்மரில் கண்டெடுக்கப்பட்ட, டேனியோ என்ற வேறு பேரினத்து மீன், ரஸ்போராவே அல்ல. அறிவியல் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள், துப்பாமல் விழுங்குகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, குறிகளை ஒப்பிட்டுவிட்டு மறுநாள் போய் வாங்குங்கள். ஒரு நாளில் மீன் எங்கும் ஓடிவிடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே மீன்களின் வாலைப் பாருங்கள். இரண்டு மடல்களிலும் கருப்புத் தீற்றல் தெரிந்தால் அவற்றுக்குப் பெரிய தொட்டி தேடத் தொடங்கிவிடுங்கள், அந்தப் பாட்டில் கையில் இருந்தால் திறக்காதீர்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது அந்தக் கடையில் அதே தொட்டி, அதே பெயர்ச்சீட்டு, அதே இளஞ்சிவப்பு விளக்கு அப்படியே இருந்தன. உள்ளே புதிதாக வந்த குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.