தங்கவயல் சுரங்கத்துக்குள் அழைத்துப் போகிறோம் என்றால் பணம் கட்டாதீர்கள்

கோலார் தங்கவயலில் "சுரங்கத்துக்குள் இறக்கிக் காட்டுகிறோம்" என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு அங்கே சுரங்க வேலையை நிறுத்திவிட்டார்கள். பம்புகளும் நின்றுபோனதால், 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான அந்தச் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கீழே இறக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது.

இது தெரிந்துகொண்டேதான் பெங்களூரில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் எங்களிடம் தலைக்கு 2,500 ரூபாய் வாங்கினார். கேஜில் (ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு) இறங்கலாம், தலையில் விளக்கு வைத்த தொப்பி தருவோம், மதியச் சாப்பாடும் உண்டு என்று வாட்ஸப்பில் எழுதியே அனுப்பியிருந்தார். என் மாமனாரின் அப்பா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் தினமும் இறங்கிய இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது மாமனாருக்கு வெகுநாள் ஆசை. அதைச் சொல்லித்தான் பதிவு செய்தோம். "கண்டிப்பா காட்டுறோம் சார்" என்றார்கள்.

பூட்டிய இரும்புக் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார் கூட வந்த வழிகாட்டி. தூரத்தில், சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாப்ட்டின் மேல் நிற்கும் துருவேறிய கோபுரம் தெரிந்தது. "இன்னிக்கு பர்மிஷன் கேன்சல் ஆயிடுச்சு சார், இங்கிருந்தே போட்டோ எடுத்துக்கங்க." மாமா, "தம்பி, காலையில கிளம்பும்போதே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

அடுத்து எங்களைக் கூட்டிப்போனது சயனைடு மேட்டுக்கு. பணம் போனதைவிட எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு அது. ஊரைச் சுற்றி மலை மலையாகக் குவிந்திருக்கிறது. சினிமா படப்பிடிப்பு நடந்த இடம் என்று சொல்லிப் பிள்ளைகளை மேலே ஏறிச் சறுக்கி விளையாடச் சொன்னார் அந்த வழிகாட்டி. காற்றடித்தால் பவுடர்போலப் பறந்து மூக்கிலும் கண்ணிலும் அப்புகிறது. இந்தத் தூசியோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். விவரம் தெரிந்த யாரும் சின்னப் பிள்ளைகளை அங்கே ஏற்ற மாட்டார்கள்.

கீழே இறங்கியதும் ஓர் ஆள் சாக்குப்பையோடு வந்தார். உள்ளே வெள்ளைக் கல், அதில் மஞ்சளாகப் பளபளக்கும் துணுக்குகள். "ஒரிஜினல் தங்கத் தாது, 500 ரூபாய்" என்றார். வழிகாட்டியும் ஆமாம் என்று தலையாட்டினார். நாங்கள் வாங்கவில்லை, எங்களோடு வந்த இன்னொரு குடும்பம் வாங்கியது. அப்புறம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டீக்கடையில், ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் அந்தக் கல்லைப் பார்த்ததுமே "இது பைரைட்டுங்க, இரும்பும் கந்தகமும்" என்றார். சாவி முனையால் ஒரு துணுக்கை அழுத்திக் காட்டினார். பொடியாக உதிர்ந்தது, பொடியோ கறுப்பு. தங்கமாக இருந்தால் உதிராது, நசுங்கும் என்றார். உங்களிடம் யாராவது இப்படிக் கல் விற்க வந்தால் இதைச் செய்து பாருங்கள்.

அந்தப் பெரியவர் மாமாவிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க அப்பா எந்த ஷாப்ட்டுல இருந்தாரு?" அதற்குப் பிறகு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டோம். பாறை அழுத்தத்தில் திடீரென்று வெடிக்கும் 'ஏர் பிளாஸ்ட்', கீழே போகப் போகத் தகிக்கும் வெப்பம், நுரையீரலில் தூசி படிந்து செத்துப்போனவர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். வண்டியில் வந்த வழிகாட்டிக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியவில்லை. 1880-இல் சுரங்கத்தை நடத்த ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வந்ததைச் சொன்னவர், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து உயிரைக் கொடுத்துத் தோண்டிய தமிழர்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1902-இலேயே காவிரிக் கரையின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூர் நகரத்துக்கே அதற்குப் பிறகுதான். அதையும் டீக்கடையில்தான் கேட்டோம்.

ஊரைப் பார்க்க ஏஜெண்டே தேவையில்லை. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளை ரயில் பாதை இருக்கிறது, உரிகம், சாம்பியன் ரீஃப் எல்லாம் அதில் வரும் நிலையங்கள்தான். ஷாப்ட் கோபுரங்களை வெளியிலிருந்து பார்க்கலாம். தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னமும் குடும்பங்கள் இருக்கின்றன, கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். தமிழிலேயே பேசலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வண்டி ஓடிடுச்சே சார்" என்றார் ஏற்பாட்டாளர். பிறகு எங்கள் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். "கேஜில் இறங்கலாம்" என்று அவர் எழுதிய வாட்ஸப் செய்தியும் பணம் அனுப்பிய ரசீதும் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. இதேபோல் ஏமாந்தவர்கள் இருந்தால், அந்தச் செய்திகளை அழித்துவிடாமல் நீங்களும் புகார் கொடுங்கள்.