கராத்தேயா, சிலம்பமா: கணக்குப் பாடத்துக்கு எது கைகொடுக்கும்?

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கராத்தே ஒரு வருஷம் போனாள். பிறகு சிலம்பத்துக்கு மாறி, இது இரண்டாவது வருஷம். கணக்கு நோட்டை எடுத்தாலே முகம் வாடும் பிள்ளை, பயிற்சிக்கு மட்டும் யாரும் சொல்லாமலே கிளம்பிவிடுவாள். அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டே பாடத்துக்குள் கூட்டிப்போக முடியுமா என்று இரண்டு கலைகளிலும் முயன்று பார்த்தேன்.

உடல் உறுதி, பணிவு, நேரம் தவறாமை எல்லாம் இரண்டிலும் கிடைக்கும். செலவில் கராத்தேவுக்குச் சீருடையும் பெல்ட் தேர்வுக் கட்டணமும் உண்டு, சிலம்பத்துக்குக் கம்பு போதும். இதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

கராத்தேவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்கென்றே வடிவம் பெற்ற பகுதி அதில் இருக்கிறது. ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் இத்தோசு ஆங்கோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாணவர்களுக்காக அமைத்தவைதான் பினான் என்ற ஐந்து கட்டாக்கள், அதாவது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்புகள். 1922-ல் டோக்கியோவில் கராத்தேவைச் செய்துகாட்டிய ஃபுனாகோஷி கிச்சினும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பினானுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றியவர் அவர்தான். அந்த ஐந்தில் முதலாவதாகக் கற்றுத்தரும் ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள். முதலில் இடப்பக்கம் 90 பாகை, அடுத்து பின்னால் 180 பாகை, நடுவே 270 பாகை, கடைசியில் 45 பாகைத் திருப்பங்கள். இடப்பக்கமாக 270 பாகை சுற்றினாலும், வலப்பக்கமாக 90 பாகை திரும்பினாலும் முகம் ஒரே திசையைத்தான் பார்க்கும் என்பதை அவள் உடம்பாலேயே புரிந்துகொண்டாள். கோணமானியை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் சொல்லியும் ஏறாத விஷயம் அது.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. கட்டாவில் எல்லாம் முன்பே முடிவானது. எத்தனை அடி, எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பம் என்பதில் பிள்ளை கைவைக்கக் கூடாது. வைத்தால் அது தப்பு. கலைக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைதான். கணக்குக்கோ ஒன்றை மாற்றினால் இன்னொன்று என்ன ஆகிறது என்று பார்க்கும் இடம் வேண்டும். கம்பில் அந்த இடம் கிடைத்தது.

கம்பு ஆளுக்கேற்ற அளவு. எங்கள் ஆசான் தரையில் ஊன்றி நெற்றிவரை அளந்து வெட்டிக் கொடுத்தார். மகளுடையது 140 சென்டிமீட்டர். நடுவில் பிடித்துச் சுழற்றினால் ஆரம் 70, நுனி ஒரு சுற்றில் போகும் தூரம் 2 × 22/7 × 70, அதாவது 440 சென்டிமீட்டர். மொட்டைமாடியில் அவள் வீசுவதைக் கைபேசியில் படம்பிடித்து, மெதுவாக ஓட்டி எண்ணினோம். 10 நொடியில் 14 சுற்று. நுனி ஓடியது 61.6 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகம். “எங்க தெருவுல சைக்கிள் கூட இவ்ளோ வேகமா போகாதேப்பா” என்றாள்.

அடுத்த கேள்வி அவளிடமிருந்தே வந்தது. “முனைக்கிட்ட புடிச்சா இன்னும் வேகமாப் போகுமாப்பா?” கால்பங்கில் பிடிக்கச் சொன்னேன். நீண்ட பக்கம் 105, ஒரு சுற்றுக்கு 660 சென்டிமீட்டர். ஒன்றரை மடங்கு தூரம், அப்படியானால் ஒன்றரை மடங்கு வேகம் என்று எழுதி வைத்தாள். வீசிப் பார்த்தால் 10 நொடியில் 9 சுற்றுதான் வந்தது. 59.4 மீட்டர், முன்னதைவிடக் கொஞ்சம் குறைவு! கணக்கில் தப்பு என்று மூன்று முறை போட்டுப் பார்த்தாள். கணக்கு சரி, கைதான் களைத்திருந்தது. சீரான கம்பைக் கால்பங்கில் பிடித்துச் சுழற்றும்போது அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மை, நடுவில் பிடிப்பதைப்போல 1.75 மடங்கு. அந்தப் பெயரெல்லாம் பதினொன்றாம் வகுப்புச் சமாசாரம், அவளிடம் சொல்லவில்லை. நீளம் கூடினால் சுழற்றும் பாரமும் கூடும் என்று மணிக்கட்டு சொல்லிக் கொடுத்தது போதும். அன்றைக்கு இரவு சாப்பாட்டிலும் அதே பேச்சு.

கம்பைப் பராமரிப்பதிலும் கொஞ்சம் அறிவியல் ஒட்டிக்கொண்டது. மூங்கில் மரமல்ல, புல்வகை. கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை அளந்து அட்டவணை போட்டாள். சராசரி எடுக்க அதுவே பயன்பட்டது.

ஒரு எச்சரிக்கை. வீச்சு நடக்கும்போது நான் சுற்று எண்ணிக் கேள்வி கேட்டதில் ஒருநாள் கவனம் சிதறி, கம்பு அவள் முழங்காலிலேயே பட்டது. “கம்பு கையில இருக்கும்போது பாடம் வேண்டாம் சார்” என்று ஆசான் சொன்னார். அதிலிருந்து பயிற்சி முடிந்து, கம்பைச் சுவரில் சாத்திய பிறகுதான் நோட்டு. வாரத்துக்கு ஒருநாள், அதுவும் அவள் கேட்டால்.

மொழிப்பாடம், வரலாறு ஆகியவற்றுக்கு இரண்டுமே எனக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. கராத்தேவில் அவள் தொடக்க நிலையைத் தாண்டவில்லை. மேல்நிலைக் கட்டாக்களும், எதிராளியோடு மோதிப் பழகும் குமித்தேயும் கற்கும் பிள்ளைக்கு வேறு வாசல் திறக்கலாம். குமித்தேயில் எட்டும் தூரம், நேரம், புள்ளிகள் எல்லாம் வருவதால் அங்கே மாற்றிப் பார்க்க இடமிருக்கும் என்றே தோன்றுகிறது. சிறு பிள்ளைக்குக் கோணம் மட்டும் புரிய வேண்டுமானால் நான் இன்றும் கராத்தேவையே சொல்வேன். வட்டம், விகிதம், வேகம் என்று வந்துவிட்டால் கம்புதான்.

இப்போது பழைய கம்பு அவள் மூக்குக்கு நிற்கிறது. போன வாரம் ஆசான் புதிதாக வெட்ட அளந்தபோது 152 வந்தது. “154 வச்சுக் குடுங்க ஆசானே, ஏழால வகுபடும்” என்றாள். அவர் கம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்று 154-லேயே கோடு போட்டார்.