தாழ்த்திய ட்ரக்கின் ஷாஃப்ட் கோணம்: எந்த லிங்க் அமைப்பு கைகொடுக்கும்?

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை (ஏர் பேக்) போட்டுத் தாழ்த்திய ட்ரக்கில் வேகம் ஏற ஏற இருக்கைக்கு அடியில் ஒரு முனகலும் நடுக்கமும் வந்தால், முதலில் சக்கரங்களை பேலன்ஸ் செய்வார்கள். அப்புறம் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி அதையும் பேலன்ஸ் செய்வார்கள். இரண்டும் சரியாக இருந்தும் நடுக்கம் போகவில்லை என்றால், ஷாஃப்டின் இரு முனையிலும் அது மடங்கிச் சுழல வைத்திருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

யுனிவர்சல் ஜாயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டின் வேகம் இரண்டு முறை கூடி இரண்டு முறை குறையும். 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான். 10 டிகிரியில் 1.5 சதவீதத்துக்குப் போய்விடும். முன் ஜாயின்ட் கிளப்பிவிடும் இந்த ஆட்டத்தை, பின் ஜாயின்ட் அதே கோணத்தில் நின்று அழிக்க வேண்டும். அதற்கு கியர்பாக்ஸின் அச்சும் பினியனின் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸில் கியர்) அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரு முனைக் கோணங்களுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் 3 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. பூஜ்யமாகவும் விடக்கூடாது: உள்ளே இருக்கும் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்தித் தடம் பதித்துவிடும். அரை டிகிரியாவது வேண்டும்.

உயரம் மாறாத வண்டியில் இதை ஒருமுறை செட் செய்தால் போதும். ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு உயரம் ஒன்றல்ல. அதனால் நான் பார்க்கும் கணக்கு வேறு: ஓட்டும் உயரத்திலிருந்து வண்டி 50 மி.மீ. இறங்கினால் செட் செய்த கோணம் எவ்வளவு கெடும்?

ஒரு உதாரணம். கியர்பாக்ஸ் பின்பக்கமாக 3 டிகிரி சரிவு, ஷாஃப்ட் 1 டிகிரி சரிவு, பினியன் மூக்கு 3 டிகிரி மேலே. இரு முனையிலும் 2 டிகிரி, அழகான செட்டிங். ஷாஃப்ட் நீளம் 1300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி 50 மி.மீ. இறங்கும்போது, சேஸிஸோடு ஒப்பிட்டால் ஆக்ஸில் மேலேறும், ஷாஃப்டின் சரிவு 2.2 டிகிரி மாறும்.

ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடிக்கும் பார்களின் அமைப்புதான் லிங்க். டூ லிங்கில் என்ன ஆகும்? இரண்டு நீளமான கைகள் ஆக்ஸிலோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கும், முன்பக்கம் மட்டும் சுழலும். 900 மி.மீ. கை என்றால், அதே 50 மி.மீ. இறக்கத்தில் பினியன் மூக்கும் கையோடு சேர்ந்து 3.2 டிகிரி கீழே குனியும். முன் ஜாயின்ட் 4.2 டிகிரி, பின் ஜாயின்ட் 1 டிகிரி. இணை என்பதே போய்விட்டது. பாகங்கள் குறைவு, வெல்டிங் வேலை எளிது, செலவும் குறைவு என்று பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே உயரத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு ஒத்துவரலாம். மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடேறும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும் தொல்லையும் இதில் உண்டு.

பேரலல் ஃபோர் லிங்கில் நான்கு பார்களும் ஒரே நீளம், ஒன்றுக்கொன்று இணை. ஆக்ஸில் மேலே போனாலும் கீழே வந்தாலும் பினியன் கோணம் அசையாது. அதே இறக்கத்தில் இரு ஜாயின்டும் 4.2 டிகிரி. அளவு அதிகம்தான், ஆனால் இரண்டும் சமம். பக்கவாட்டில் ஆக்ஸிலைப் பிடிக்க பான்ஹார்ட் ராட் (ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் மாட்டிய குறுக்குக் கம்பி) வேண்டும் என்பது இதன் குறை. அந்த ராட் வளைவில் நகர்வதால் ஆக்ஸிலைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுக்கும். முழுதாகத் தரையில் உட்கார 100 மி.மீ. இறங்கினால், 400 மி.மீ. ராட் 12.7 மி.மீ. இழுத்துவிடும், 900 மி.மீ. ராட் 5.6 மி.மீ.தான். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே விரல் நுழையும் இடம் மட்டுமே இருக்கும் வண்டியில் இந்த வித்தியாசம் பெரிது. ராடை முடிந்தவரை நீளமாகவும், ஓட்டும் உயரத்தில் படுக்கை மட்டத்திலும் வையுங்கள்.

முக்கோண ஃபோர் லிங்கில் மேல் பார்கள் சாய்வாக நின்று ஆக்ஸிலை நடுவில் பிடிப்பதால் பான்ஹார்ட் தேவையில்லை. ஆனால் மேல் பார்கள் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். பக்கவாட்டுத் தோற்றத்தில் கீழ் பார் 600, மேல் பார் 450, இடையே 200 மி.மீ. என்று கணக்குப் போட்டேன். ஓட்டும் உயரத்தில் பார்கள் மட்டமாக இருந்தால் 50 மி.மீ. இறக்கத்தில் பினியன் மாறுவது 0.2 டிகிரி, 100 மி.மீ.யில் 0.8 டிகிரி. 1 டிகிரி வரம்புக்குள்தான். பேரலல் அமைப்பை இதற்காகவே பெரிதாகப் புகழ்கிறார்கள், ஆனால் நடைமுறையில் வித்தியாசம் இவ்வளவுதான். சேஸிஸில் இடம் இருந்தால் பேரலல், டேங்கும் சைலன்சரும் நெருக்கினால் முக்கோணம். இரண்டில் எதை எடுத்தாலும் கோணத்தின் பக்கம் எனக்குக் கவலையில்லை.

ஷாஃப்ட் ஒரே துண்டா, இரண்டு துண்டா என்பது அடுத்த கேள்வி. நீளம் இரட்டிப்பானால் ஷாஃப்ட் வளைந்து ஆடத் தொடங்கும் வேகம் நாலில் ஒரு பங்காகக் குறையும். அதனால் நீண்ட வண்டியில் ஒரே துண்டு எனக்குப் பயம். ஆனால் இரண்டு துண்டில் பின் துண்டு குட்டை: 800 மி.மீ. துண்டு அதே 50 மி.மீ.க்கு 3.6 டிகிரி மாறும். முன் துண்டை கியர்பாக்ஸுக்கு நேராக, அரை முதல் 1 டிகிரிக்குள் வைத்து, பினியனை அந்த முன் துண்டுக்கு இணையாக்க வேண்டும். ஆக்ஸில் மேலேறியதற்கு ஏற்ப இரு துண்டும் சேரும் இடத்தைத் தாங்கும் சென்டர் பேரிங்கைத் தூக்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பேக்கின் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். காற்றழுத்தத்தைப் பார்த்து நிறுத்தும் வகையில், பின்னால் சுமை ஏறினால் அதே அழுத்தத்தில் வண்டி தாழும், கோணமும் கூடவே போகும். உயர சென்சார் வைத்த வகை, செட் செய்த உயரத்துக்கே திரும்பும்.

அளக்கும்போது ஆக்ஸிலைத் தொங்கவிட்டு அளக்காதீர்கள். சக்கரங்கள் தரையில், எடை முழுவதும் மேலே, பேக் ஓட்டும் உயரத்தில். பினியன் யோக்கில் (ஜாயின்ட் மாட்டும் கவை) கிராஸின் (ஜாயின்ட்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டு) கப்பைக் கழற்றி, துருவையும் கிரீஸையும் வழித்துவிட்டு, இயந்திரத்தில் கடைந்த தட்டையான பரப்பில் டிஜிட்டல் கேஜை வையுங்கள். ஒரு பெயின்ட் துளி இருந்தாலும் 0.3 டிகிரி காட்டும். மேல் பாரை நீட்டினால் மூக்கு மேலே போகும், குறைத்தால் கீழே வரும். 1.6 மி.மீ. மரை இடைவெளி, பார்களுக்கு நடுவே 200 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய அரை டிகிரி. இரண்டு மேல் பார்களையும் ஒரே அளவு திருப்பி, லாக் நட்டை இறுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கடைசியாகக் காற்றை முழுதும் இறக்கி, ஸ்லிப் யோக் (ஷாஃப்டின் உள்ளே வெளியே நகரும் முனை) உள்ளே முட்டுகிறதா, ஷாஃப்ட் கேபின் தரையைத் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.