தனுஷ்கோடி வெயிலில் பென்டாக்ஸ் கே1000

ஃபிலிமில் கற்றுக்கொள்ள எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, சில வருஷம் பாம்பன், மண்டபம், தனுஷ்கோடி என்று இதே கரையில் கே1000-ஐத் தூக்கித் திரிந்தவன் சொல்வது இது.

1976-ல் வந்த மாடல், முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி தீர்ந்தால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் மட்டும் படுத்துவிடும்; ஷட்டர் அடிக்கும். மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டுவைக்க வேண்டும். குறை என்றால் ஷட்டர் வேகம் 1/1000 நொடியைத் தாண்டாது. உச்சி வெயிலில் தனுஷ்கோடி கோடியில் உள்ள அரிச்சல்முனை மணலில் 400 ஐஎஸ்ஓ ஃபிலிமோடு (எண் கூடினால் ஃபிலிமுக்கு வெளிச்சம் குறைவாகப் போதும்) நின்றால், லென்ஸ் துளையை எஃப்/22 வரை சுருக்கி, ஷட்டரை 1/500-ல் வைக்க வேண்டியிருக்கும். துளை அவ்வளவு சிறிதானால் பின்னால் கடலை மங்கலாக்குவதை மறந்துவிடலாம். பகலுக்கு 100 ஐஎஸ்ஓ போதும், விடியலுக்கு 400.

மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். அது சொன்னபடி அடித்தால் வெள்ளை மணல் அழுக்காக வரும். உள்ளங்கையை வெயிலில் நீட்டி அளந்து ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டினால் வேலை முடிந்தது.

எக்ஸ்போஷர் டெஸ்டுக்கு மண்டபத்தில் கரையேற்றி வைத்த ஒரு வள்ளத்தை எடுத்துக்கொண்டேன். தார் பூசிய அடிப்பக்கம் நிழலில், சுற்றிலும் பளிச்சென்ற மணல். ட்ரைபாடை நகர்த்தாமல், 400 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளையில், மீட்டர் சொன்னதற்கு இரண்டு ஸ்டாப் குறைவிலிருந்து (மைனஸ் இரண்டு) மூன்று ஸ்டாப் கூடுதல் (ப்ளஸ் மூன்று) வரை. இதை ஸ்கேனில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். லேப் ஸ்கேனர் ஒவ்வொரு ஃபிரேமையும் தானே சரிக்கட்டிவிடும், எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். நெகட்டிவைக் கேட்டு வாங்கி, போனில் வெள்ளைத் திரையை வைத்து அதன்மேல் பாருங்கள். மைனஸ் இரண்டில் வள்ளத்தின் அடிப்பக்கம் துடைத்த கண்ணாடி மாதிரி வெறுமை. ப்ளஸ் ஒன்றில் பலகை மூட்டும் ஆணித்தலையும் தெரிந்தன. ப்ளஸ் மூன்றிலும் மணல் முழுதாகக் கெட்டுப்போகவில்லை. அன்றிலிருந்து 400 ஃபிலிமை 200 என்றுதான் டயலில் வைக்கிறேன்; அப்போது ஒரு ஸ்டாப் தானே கூடிவிடும்.

வீட்டிலேயே கழுவுகிறவர்கள் கவனிக்க: டி-76 என்ற டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும், எங்கள் ஊர்த் தொட்டித் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. ஐஸ் போட்ட வாளியில் டேங்கை நிறுத்துங்கள். கடைசி அலசலுக்கு கேன் தண்ணீர். உப்புத் தண்ணீர் காய்ந்தால் ஃபிலிமில் திட்டுத் திட்டாக நிற்கும்.

காம்போசிஷனுக்கும், அதாவது படத்துக்குள் எது எங்கே வர வேண்டும் என்பதற்கும், இதே முறைதான். 1964 புயலில் சிதைந்த சர்ச்சுக்கு எதிரே எல்லோரும் வந்து நிற்கும் இடத்தில் நின்றால் கடல்கோடு சுவரை வெட்டிக்கொண்டு போகும். மண்டியிட்டால் சுவர் வானத்துக்குள் ஏறும். ஒவ்வொரு அடி நகர்ந்து ஒவ்வொரு ஃபிரேம் எடுத்து, கான்டாக்ட் ஷீட்டில் (ரோல் முழுவதையும் சிறு படங்களாக ஒரே தாளில் அச்சிட்டது) வரிசையாகப் பார்த்தால் எந்த அடியில் படம் பிடிபட்டது என்பது புரியும். வ்யூஃபைண்டர் முழுப் படத்தையும் காட்டாது, ஓரத்தில் எதிர்பாராத செல்ஃபிக்காரர் நுழைந்திருப்பார்.

வேகமாக ஓடுவதைப் படமெடுக்க வேண்டும் என்றால் 1/4000 உள்ள நிக்கான் எஃப்எம்2 பக்கம் போங்கள். கற்றுக்கொள்ள இது போதும். வாங்கும்போது மட்டும் முள் வெளிச்சத்துக்கு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அது நகராத கேமராவை விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள்.